சுமை தானா ஏறாது

1996இல் நான் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதினேன். அதை எழுதியவன் நான்தான் என்று ஒப்புக்கொண்டுதான் இந்தக் கட்டுரையைத் தொடங்க முடியும். தென்னாற்காட்டுப் பக்கம் ஒரு கிராமம். ஊர்த்தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கப்போன நம் பெண்களோடு நடந்த தகராறு பற்றி விசாரிக்க ஒரு உண்மை அறியும் குழு போனது. (தகராறு என்று எழுதிவிட்டேன் பாருங்கள். போலீஸ்காரன் சொல்லை நாக்கு எவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்கிறது! அடித்தார்கள். அதற்குப் பெயர் தகராறு இல்லை.) அந்தக் குழுவில் என் வேலை மொழிபெயர்ப்பு. காலனி மாரியம்மன் கோயில் திண்ணையில் உட்கார்ந்து ஒரு அக்கா சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

"தண்ணி புடிக்கப் போனேன் தம்பி. இன்னாரு மகன் இன்னாரு வந்து கொடத்த எட்டி ஒதச்சான். அவன் தம்பிகாரன் மயிரப் புடிச்சி இழுத்தான். ஒங்களுக்கு இங்க தண்ணி கெடையாதுன்னு எத்தினி தபா சொல்றதுன்னு கேட்டான்."

இரண்டு ஆள். மூன்று வினை. உதைத்தான், இழுத்தான், கேட்டான். ஊர், தெரு, அப்பன் பெயர் எல்லாம் சொன்னாள். நகரத்துக்குத் திரும்பி, மேசை விளக்கடியில் உட்கார்ந்து இதை நான் ஆங்கிலத்தில் ஆக்கினேன். திரும்பத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'குடிநீர் பெறுவதில் அப்பெண் இடையூறுகளை எதிர்கொண்டார்.' ஹிண்ட்ரன்ஸ் என்ற சொல்லைப் போட்டேன். பன்மையில் வேறு போட்டேன். அறிக்கையைத் தொகுத்தவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நிதானமாக இருக்கிறது என்றார்.

ஆறு மாதம் கழித்து அச்சான அறிக்கையோடு போனோம். ஒங்களப் பத்தி இங்கிலீஷ்ல வந்திருக்குக்கா என்றேன். படிச்சிக் காட்டு என்றாள். படித்துக் காட்டித் தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: "எல்லாம் சரி தம்பி. ஒதச்சவன் எங்க?"

அவன் எங்கே போனான் என்று அன்று முதல் தேடுகிறேன். ஆங்கில அகராதிகளில்தான் தேடினேன். ரோஜெட் என்ற வைத்தியர் 1852இல் வெளியிட்ட சொற்களஞ்சியம் ஒன்று உண்டு. கருத்துவாரியாகச் சொற்களை அடுக்கியது, இன்றுவரை புதுப்புதுப் பதிப்பாக வருகிறது. அதில் தடை, சுமை, இடர், பின்னடைவு என்ற பக்கங்களைப் பிரித்தால் சொற்கள் மளிகைக்கடைப் பட்டியல் மாதிரி வரிசையாக நிற்கின்றன. எத்தனை விதமான தடை! எத்தனை விதமான பாரம்! போட்டவன் ஒருத்தனும் அந்த வரிசையில் இல்லை.

இங்கே எங்கள் ஆயாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆயா வாழ்நாள் முழுக்கப் புல்லுக்கட்டும் நெல்மூட்டையும் சுமந்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சுமையைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அந்த வைத்தியருக்குத் தெரியாது. பெரிய கட்டு என்றால் தனியாளாகத் தலைக்கு ஏற்ற முடியாது. சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் நிற்பாள். யாராவது வரவேண்டும். நம் தெரு ஆள் வந்தால் "செத்த தூக்கிவுடு" என்பாள், அவர்களும் ஒரு கை கொடுப்பார்கள். ஊர்த்தெரு ஆள் வந்தால் கேட்க மாட்டாள். அவரும் பார்க்காத மாதிரி போவார். ஆனால் அவர் வீட்டு நெல்மூட்டை என்றால் அவரே ஒரு பக்கம் பிடித்து அவள் தலையில் ஏற்றிவிடுவார். கை படும், மூச்சு படும். தீட்டு அந்த நேரத்துக்கு எங்கே போய்விட்டு வரும் என்று எனக்குத் தெரியாது. எப்படியோ, ஆயாவுக்கு ஒன்று தெரியும். சுமை தானா ஏறாது. ஒவ்வொரு சுமைக்கும் பின்னால் இன்னொரு ஆளின் கை உண்டு. நல்ல கையோ கெட்ட கையோ, கை உண்டு.

எங்கள் ஊர் எல்லையில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்துப்போன ஒரு பெண் நினைவாக ஊர்த்தெருக் குடும்பம் ஒன்று எழுப்பியது. தலை உயரத்துக்கு இருக்கும் அதில் சுமையைச் சரித்து வைத்துவிட்டு, இளைப்பாறி, திரும்ப எடுக்க ஆள் தேவையில்லை. அதுதான் அந்தக் கல்லின் அருமை. ஆயா ஒருநாளும் அதில் இறக்கி வைத்து நான் பார்த்ததில்லை. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை.

சரி, சொற்களுக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஹிண்டர் என்றால் பின்னால் இழுத்து வைப்பது. பின்பக்கம் என்ற சொல்லின் உறவுக்காரச் சொல். பேக்வேர்டு என்பதும் பின்பக்கம். டிஸ்அட்வான்டேஜ் என்பதை உடைத்தால் முன்னால் நிற்கும் வாய்ப்பு இல்லாமை. ஆக முன்னே, பின்னே என்ற கணக்குதான். எல்லோரும் ஒரே கோட்டில் நின்று ஒரே விசிலுக்கு ஓடத் தொடங்கிய மாதிரியும், நாம் மட்டும் எதையோ வேடிக்கை பார்த்துப் பின்தங்கிவிட்ட மாதிரியும் ஒரு கதை இந்தச் சொற்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. இம்பெடிமெண்ட் கொஞ்சம் தேவலை. லத்தீனில் காலில் பூட்டுவது என்ற வேரிலிருந்து வந்தது. ரோமானியப் படை இழுத்துச் சென்ற மூட்டை முடிச்சுகளுக்கும் அதுதான் பெயர். பூட்டு என்றால் பூட்டினவன் இருப்பான் என்றாவது தோன்றும். அண்டர்பிரிவிலேஜ்டு என்ற சொல்தான் எனக்குச் சிரிப்பு மூட்டுவது. பிரிவிலேஜ் என்றால் லத்தீனில் தனியாளுக்கான சட்டம். அந்தத் தனிச்சட்டத்தில் நமக்குப் பங்கு குறைந்துவிட்டது என்று வருத்தப்படுகிறார்களாம். மனு எழுதியதும் தனிச்சட்டம்தானே ஐயா, அதில் எங்கள் பங்கைக் குறைக்கவே இல்லையே, அள்ளி அள்ளிக் கொடுத்திருக்கிறாரே!

இந்த ஓட்டப்பந்தயச் சொற்களில் ஒன்றிடம் மட்டும் நான் தோற்றேன். ஹேண்டிகேப். தொப்பியைக் கையில் ஏந்திப் பிச்சை கேட்டதிலிருந்து வந்த சொல் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். ரொம்பப் பேர் அப்படி நம்புகிறார்கள். அது தப்பு. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பண்டமாற்று விளையாட்டு ஒன்று இருந்தது. இரண்டு பேர் பொருளை மாற்றிக்கொள்வார்கள். எது எவ்வளவு மதிப்பு அதிகம், யார் யாருக்கு எவ்வளவு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று நடுவில் ஒருவர் தீர்ப்பு சொல்வார். பந்தயக் காசைத் தொப்பிக்குள் போட்டுக் கையை விட்டு எடுப்பார்கள். கை தொப்பிக்குள். அதுதான் சொல். அங்கிருந்து அது குதிரைப் பந்தயத்துக்குப் போனது.

குதிரைப் பந்தயம் என்றதும் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டார். கிண்டி ரேஸ் மைதானத்து லாயத்தில் இருபது வருஷத்துக்கு மேல் குதிரை தேய்த்தவர். (2024இல் அந்த மைதானத்தை அரசாங்கம் பூட்டி சீல் வைத்த செய்தியைக் கேட்க அவர் இல்லை.) ஊருக்கு வரும்போது ரேஸ் சங்கதி சொல்வார். ஹேண்டிகேப் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது எந்த இங்கிலீஷ் வாத்தியாரிடமும் இல்லை, அவரிடம்தான். "டேய், மட்டக் குதிரைக்கு ஈயம் வெப்பான்னா நெனச்ச? நல்லா ஓடற குதிரைக்குத்தான்டா வெப்பான். ஜாக்கி ரொம்ப லேசா இருந்தா சேணத்துப் பையில ஈயத்தப் போட்டு எடையக் கூட்டுவான். எவ்ளோ எடைன்னு சொல்றதுக்கே தனியா ஒரு ஆளு சம்பளத்துல கீறான்."

இதைக் கேட்டபோது எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயசு. முப்பது வருஷம் கழித்து அகராதியோடு உட்கார்ந்தபோதுதான் விளங்கியது. ஹேண்டிகேப் என்பது முதலில் குறைபாடு இல்லை. வலுவுள்ளதின் மேல் வேண்டுமென்றே ஏற்றிய எடை. ஏற்றுவதற்கு ஒரு ஆள், அவனுக்கு ஒரு பதவி, கணக்கு எழுத ஒரு புத்தகம். இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான் அந்தச் சொல் குதிரையை விட்டு இறங்கி மனுஷன் உடம்புக் குறையின் பெயராக ஆனது. ஆகும்போது ஈயம் வைத்தவனைத் தொலைத்துவிட்டது. நம் பெரியப்பன்மார் நல்லா ஓடக்கூடியவர்கள் என்பதால்தான் ஈயம் வைத்தார்கள் என்று இதை வைத்து மேடையில் பேசலாம். கைதட்டலும் கிடைக்கும். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. மெதுவாக ஓடுகிற ஆளுக்கும் முதுகில் ஈயம் வைக்க எவனுக்கும் உரிமை கிடையாது.

இனி சட்டத்துச் சொல். இதில்தான் நான் ரொம்ப நாள் தப்பாக இருந்தேன். அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமை ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கிறது. அதிலிருந்து எழும் எந்த 'டிஸெபிலிட்டி'யையும் அமல்படுத்துவது குற்றம் என்கிறது. 15(2)இலும் கடை, கிணறு, குளம், சாலை இவற்றைப் பற்றிப் பேசும்போது அதே சொல். 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் மத டிஸெபிலிட்டி, சமூக டிஸெபிலிட்டி என்று பிரிவுகளே உண்டு. (1976இல் அந்தச் சட்டத்துக்குக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள்.) அதற்கும் முன்னால், 1938இல் சென்னை மாகாணத்தில் எம்.சி. ராஜா கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருந்தது. நான் படித்த ஒரு சட்டக் கையேட்டில் இதைத் தமிழில் 'குறைபாடு' என்று போட்டிருந்தார்கள். இன்னொன்றில் 'இயலாமை'. படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. கிணற்றில் தண்ணீர் எடுக்க ஆயாவுக்கு இயலாமையா? வாளியும் இருந்தது, கையும் இருந்தது. விடவில்லை. அவ்வளவுதான். எங்களை ஊனமாக்கிப் பேசுகிறது இந்தச் சட்டம் என்று ஒரு கூட்டத்தில் ஆவேசமாகப் பேசினேன்.

பேசி முடித்ததும் முன்வரிசையில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த தோழர் ஒருவர் கையைத் தூக்கினார். "நாங்க மட்டும் என்னா தோழர், ஊனமாத்தான் பொறந்தமா? இந்த ஹாலுக்கு இருபது படி வெச்சிருக்கான். யாரு வெச்சது?" என்றார். எனக்கு முகம் செத்துவிட்டது. பிரிட்டனில் ஊனமுற்றோர் சங்கத்தார் 1976இலேயே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பதை அப்புறம்தான் படித்தேன். உடம்பில் இருப்பது வேறு, டிஸெபிலிட்டி வேறு. முன்னது காலில் இருக்கிறது, பின்னது அந்தக் காலைக் கணக்கில் எடுக்காமல் ஊரைக் கட்டி வைத்தவர்கள் அதன் மேல் ஏற்றியது. தமிழ்நாட்டு அரசு 2010இல் ஊனமுற்றோர் என்ற பெயரை மாற்றுத்திறனாளி என்று ஆக்கியது. மரியாதையான சொல்தான். ஆனால் படி கட்டினவன் அதிலும் இல்லை.

அவமானப்பட்டதில் ஒரு லாபம், சொல்லின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். ஆங்கிலச் சட்டத்தில் டிஸெபிலிட்டி என்பது உடம்பைப் பற்றிய பேச்சே இல்லை. சட்டம் ஒருவனுடைய உரிமையைப் பிடுங்கி வைத்திருக்கும் நிலைக்குத்தான் அந்தப் பெயர். இங்கிலாந்தில் கத்தோலிக்கர்கள் 1829 வரையிலும் யூதர்கள் 1858 வரையிலும் நாடாளுமன்றத்தில் உட்கார முடியாது. அதற்கு இந்தச் சொல்லைத்தான் சொன்னார்கள். நமக்குக் கல்விக் குறிப்பு எழுதிய அதே மெக்காலே 1831இல் யூதர்களின் டிஸெபிலிட்டிகளை நீக்கச் சொல்லிக் கட்டுரை எழுதியிருக்கிறார். ஆக அந்தச் சொல்லுக்குள் பிடுங்கியவன் ஒளிந்துகொண்டிருக்கிறான். தமிழில் 'உரிமைப் பறிப்பு' என்று போட்டிருந்தால் வெளியே வந்திருப்பான். 'இயலாமை' என்று போட்டதும் நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டான். குற்றம் முழுக்க ஆங்கிலத்தின் மேல் இல்லை என்று இதனால் சொல்கிறேன்.

இன்னொரு கூத்தும் உண்டு. சாதி டிஸெபிலிட்டியை நீக்குவதாகப் பெயர் வைத்து இந்த நாட்டில் கம்பெனி ஆட்சி போட்ட சட்டம் 1850இன் 21ஆவது சட்டம். நமக்காக என்று நினைத்துவிடாதீர்கள். மதம் மாறியதாலோ சாதியை விட்டு விலக்கப்பட்டதாலோ ஒருவனுக்குப் பரம்பரைச் சொத்தில் உள்ள பங்கு போய்விடக் கூடாது என்பதற்காகப் போட்டது. சொத்து உள்ளவனுக்குத்தானே அது! சாதி இழந்தவனுக்கு வந்த டிஸெபிலிட்டி நீங்கிய பிறகும், சாதியால் எல்லாம் இழந்தவனுக்கு 1938 வரை, 1950 வரை, 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை இதோடு ஒப்பிட்டுப் படித்துப் பாருங்கள். நான் சட்டம் படித்தவன் இல்லை, இலக்கியம் படிக்கிறவன் மாதிரி படிக்கிறேன். 17ஆம் பிரிவின் எழுவாய் 'தீண்டாமை'. அது ஒழிக்கப்படுகிறது. யாரும் எதுவும் செய்யாமல் ஒரு புகை மாதிரி அது இருந்தது, கலைந்தது. 1989 சட்டத்தின் 3ஆம் பிரிவு 'பட்டியல் சாதியையோ பட்டியல் பழங்குடியையோ சேராத எவரொருவர்' என்று ஆளைத் தொட்டுத் தொடங்குகிறது. பிறகு வரிசையாக வினைகள். தின்னக் கூடாததைத் தின்ன வைப்பவன், மலத்தைக் கொட்டுபவன், துணியை உருவி ஊர்வலம் விடுபவன், குடிக்கும் தண்ணீரைக் கெடுப்பவன், நிலத்தைப் பிடுங்குபவன். என் திண்ணை அக்கா பேசிய மொழி இதுதான். அந்தச் சட்டம் நடைமுறையில் படும் பாட்டை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் அதன் ஒரு சிறு சொற்றொடரை மட்டும் சொல்ல வேண்டும். பெரிய குற்றங்களுக்கான உட்பிரிவில் 'இன்ன சாதி என்ற காரணத்தால்' செய்திருக்க வேண்டும் என்று இருந்தது. அவன் மனசுக்குள் இருந்த காரணத்தைச் செத்தவன் குடும்பம் நிரூபிக்க வேண்டும். 2015 திருத்தத்தில் அது 'இன்ன சாதி என்று தெரிந்தே' என்று மாறியது. இரண்டு மூன்று சொற்கள்தான். நீதிமன்றத்தில் இதற்குப் பெயர் 'பர்டன் ஆஃப் புரூஃப்', நிரூபணச் சுமை. 1872இன் சாட்சியச் சட்டத்தில் அந்தச் சுமை யார் மேல் என்று சொல்லத் தனி அத்தியாயமே இருந்தது. 2024இல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. யார் மேல் என்று கேட்க ஆங்கிலத்துக்குத் தெரியும். காரியம் வேண்டுமென்றால் கச்சிதமாகக் கேட்கும்.

ஆங்கிலச் சொற்கள் நம் மேல் விழுந்தபோது நம் பெரியவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். டிப்ரெஸ்டு கிளாசஸ் என்றது வெள்ளைக்காரன் பதிவேடு. 1931 நவம்பரில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து கொடுத்த துணை மனுவில் அந்தப் பெயர் இழிவானது, மாற்று என்று எழுதியிருக்கிறார்கள். சாதியில்லாத இந்துக்கள் என்றோ, எதிர்ப்பாளர் என்ற பொருள் வரும்படியோ பெயர் வைக்கச் சொன்னார்கள். அமுக்கப்பட்டவன் என்பதற்குப் பதிலாக எதிர்க்கிறவன் என்று. கேட்ட பெயர் கிடைக்கவில்லை. 1935இல் 'ஷெட்யூல்டு' வந்தது. பட்டியல். அதில் அமுக்கினவனும் இல்லை, அமுங்கியவனும் இல்லை, காகிதம் மட்டும் இருக்கிறது.

தமிழ் மட்டும் யோக்கியமா? பாதி. தாழ்ந்தவன், தாழ்த்தப்பட்டவன் இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'ந்' இருந்த இடத்தில் 'த்' வருகிறது, உடனே ஒரு ஆள் வந்துவிடுகிறான். பின்தங்கியவன் என்றால் தானே தங்கினான். பிற்படுத்தப்பட்டவன் என்றால் எவனோ படுத்தினான். பள்ளியில் தன்வினை, பிறவினை என்று சொல்லிக்கொடுத்தபோது இது நம் சங்கதி என்று யாரும் சொல்லவில்லை. பேக்வேர்டு என்ற சொல்லால் இதைச் செய்யவே முடியாது. ஆனால் இதே தமிழில்தான் தலையெழுத்து இருக்கிறது, கர்மம் இருக்கிறது. தீண்டாமை என்ற சொல்லையே எடுங்கள். தீண்ட மறுப்பவன் யார்? அவன்தான். அப்படியானால் இலக்கணப்படி தீண்டாதவன் அவன்தானே! அந்தப் பெயரை எங்கள் மேல் ஒட்டிவிட்டு அவன் எப்படி நழுவினான்?

இப்போது ஒரு புத்தகத்துக்கு வருகிறேன். உண்மையில் இந்தக் கட்டுரையே அதனால்தான். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் அதை ஆங்கிலத்தில் 'பீஸ்ட்ஸ் ஆஃப் பர்டன்' என்ற பெயரில் கொண்டுவந்தார். பாமாவின் 'கருக்கு'வையும் அவர்தான் மொழிபெயர்த்தார். நமக்கு நிறையச் செய்தவர், அவரைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. ஆங்கில வாசகனுக்கு அந்தத் தலைப்பு உடனே பிடிபடும். சுமை தூக்கும் பிராணிகள். ஆனால் இந்தத் தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் திண்ணை அக்காவின் கேள்வி காதில் விழுகிறது. பீஸ்ட் ஆஃப் பர்டன் என்றால் சுமப்பதற்கென்றே பிறந்த பிராணி. சுமை அதன் சுபாவம். ஏற்றியவன் அதில் இல்லை. தமிழ்த் தலைப்பில் சுமை என்ற சொல்லே கிடையாது. ஆனால் கோவேறு என்பதைப் பிரித்தால் கோ ஏறு. ராஜா ஏறிப்போகும் கழுதை என்று பொருள் சொல்வார்கள். கழுதையின் பெயரிலேயே அதன் முதுகில் ஏறியவன் உட்கார்ந்திருக்கிறான்! ஆங்கிலத்தில் அவன் இறங்கிப்போய்விட்டான். மூட்டை மட்டும் இருக்கிறது.

ஏறியவன் யார்? இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு நாவலுக்குள் போனால் நமக்கு வசதியான பதில் கிடைக்காது. ஆரோக்கியம் ஒரு புதிரை வண்ணார்ப் பெண். அவள் வெளுத்ததும், பிறப்புக்கும் சாவுக்கும் ஓடியதும், ராத்திரியில் வாசல் வாசலாகச் சோறு எடுத்ததும் ஊர்த்தெருவில் இல்லை. பறத்தெருவில். நம் தெருவில். சாமி சாமி என்று அவள் கூப்பிட்டது நம்மை. நாவல் வந்தபோது நம் ஆட்களே கோபப்பட்டார்கள், நம்மைக் காட்டிக்கொடுக்கிற எழுத்து என்றார்கள். நானும் ஒரு கூட்டத்தில் அப்படித்தான் பேசினேன். தலித் ஒற்றுமைக்கு ஹிண்ட்ரன்ஸ் என்று அதே சொல்லைப் போட்டுப் பேசினேன் என்று நினைக்கிறேன். இப்போது திரும்பப் படிக்கும்போது, சுமை என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவர்களில் நானும் ஒருத்தன் என்று தெரிகிறது.

எங்கள் தெருவுக்கும் ஒரு வண்ணாத்தி இருந்தாள். வயசான பொம்பளை. சின்னப் பையன்கள் நாங்களே பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம், வா போ என்றுதான் பேசுவோம். பொழுது சாய்ந்தால் குண்டானோடு வந்து நிற்பாள். எங்கள் அம்மா நல்லவள், மீந்ததைப் போடாமல் முதலிலேயே எடுத்து வைப்பாள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். வாரத்துக்கு இரண்டு தடவை அழுக்கு மூட்டை கட்டுவாள். ஆயாவின் புல்லுக்கட்டைவிடப் பெரிசு. எங்கள் ஆயா, வரப்பில் ஆளுக்காகக் காத்து நின்ற அதே ஆயா, திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தக் கிழவி மூட்டையை முட்டியில் முட்டுக்கொடுத்து, திண்ணை விளிம்பில் சாய்த்து, தானே தலைக்கு நகர்த்துவாள். யாரும் தூக்கிவிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. நான் தூக்கிவிட்டதில்லை என்பது நிச்சயமாக ஞாபகம் இருக்கிறது.

சுமையைப் பற்றி ஏறியவர்கள் பேசும்போது எப்படிப் பேசுவார்கள் என்பதற்குக் கிப்ளிங்கைப் பார்க்கலாம். 1899இல் வெள்ளையனின் சுமை என்று தலைப்பு வைத்துப் பாட்டு எழுதினார். அமெரிக்கா பிலிப்பைன்சைப் பிடித்த நேரம். முதுகில் ஏறி உட்கார்ந்தவன் நான்தான் சுமக்கிறேன் என்கிறான். இட ஒதுக்கீடு தகுதிக்குப் பாரம் என்று டீக்கடையில் பேசுகிறவர்களுக்கு அந்தப் பாட்டு தெரிந்திருக்க வேண்டியதில்லை.

என்கம்ப்ரன்ஸ் என்று ஒரு சொல் இருக்கிறது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் இ.சி. என்போமே, வில்லங்கச் சான்று, அந்தச் சொல். நிலத்தின் மேல் ஏற்றிய பாரம். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கைக்குப் பிறகு, 1892இல் நமக்கென்று நிலம் ஒதுக்க ஆணை வந்தது. பஞ்சமி நிலம். வருவாய்த்துறை வழக்கில் டி.சி. நிலம், அதாவது டிப்ரெஸ்டு கிளாஸ் நிலம். பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் நம் ஆட்களுக்கு மட்டும்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. அதை வளைத்துப் போட்டவர்கள் இந்த நிபந்தனையைத்தான் 'நெலத்துல வில்லங்கம் இருக்குது' என்கிறார்கள். நமக்குக் காவல், அவர்களுக்கு வில்லங்கம். அந்த நிலத்தைக் கேட்ட காரணை மக்கள் மேல் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரை விட்டார்கள். இதற்கும் தடை, இடையூறு, அசம்பாவிதம் என்று நிதானமான சொற்கள் அன்றைய பேப்பர்களில் கிடைத்திருக்கும்.

போன வருஷம் பழைய வாக்குமூலங்களைத் தொகுத்து ஆங்கிலத்தில் புத்தகமாகக் கொண்டுவரும் வேலை வந்தது. அக்காவின் வாக்குமூலத்தை நானே திரும்ப எடுத்துக்கொண்டேன். நோட்டு பத்திரமாக இருந்தது. கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று ஊருக்குப் போனேன். அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. காது சரியாகக் கேட்கவில்லை, பேத்திதான் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகச் சொன்னாள். பேரெல்லாம் போடலாமா என்று கேட்டேன். "அன்னிக்கே போடச் சொல்லித்தான சொன்னேன்" என்றாள். உதைத்தவன் இப்போது உயிரோடு இல்லையாம். தம்பிகாரன் இருக்கிறான், குழாய்க்குப் பக்கத்துத் தெருவில்தான் வீடு. பேத்திக்குக் கொஞ்சம் யோசனையாக இருந்தது. அவள் அந்தத் தெரு வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போகிறாள்.

மூன்று வினைகளையும் மூன்று வாக்கியமாகப் போட்டேன். பதிப்பாசிரியரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. வாக்கியங்கள் முரட்டுத்தனமாக இருக்கின்றன, ஒன்றாகச் சேர்த்து எழுத முடியுமா, பெயர்களுக்குப் பதிலாக ஆதிக்க சாதியினர் என்று பொதுவாகப் போடலாமா என்று கேட்டிருக்கிறார். முதல் கேள்விக்கு முடியாது என்று எழுதிவிட்டேன். இரண்டாவதற்கு இன்னும் பதில் எழுதவில்லை. அதை அந்தப் பேத்தியிடம் கேட்க வேண்டும்.